டீசல் மீற்றர் பொய் சொல்கிறதா? பழைய லொறிக்காரருக்கு ஒரு செய்முறை விளக்கம்

வன்னியில் ஒலுமடு தாண்டி ஒட்டுசுட்டான் வருவதற்குள் நடுக்காட்டில் டீசல் முடிந்து நின்றிருக்கிறீர்களா? பெற்றோல் வண்டி என்றால் ஒரு போத்தல் ஊற்றி ஸ்ராட் பண்ணலாம். டீசல் லொறியில் லைனுக்குள் காற்றுப் போய்விடும். பில்டர் ஸ்குறூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து அடித்து, நுரை நின்று சுத்த டீசல் வரும்வரை காற்றெடுக்க வேண்டும். போன பெரும்போக அறுவடையில், முழு லோட் நெல்லோடு, எனக்கு இதுதான் நடந்தது. அந்த நேரத்திலும் மீற்றர் முள்ளு அரைத் தாங்கி டீசல் இருக்கிறது என்று சத்தியம் பண்ணிக்கொண்டு நின்றது.

அடுத்த நாளே ஒரு பழைய மீற்றர் வாங்கிப் பூட்டினேன். அதுவும் அரைவாசிதான் காட்டியது. நாற்பது வருடமாகப் பெட்போர்ட் லொறி ஓடிய பெரியப்பா திண்ணையில் இருந்து பார்த்துவிட்டு, "அந்த மீற்றர் என்னடா பாவம் செய்தது? தாங்கிக்கு எர்த் இருக்கோ எண்டு முதல்ல பாத்தனியே?" என்றார். நான் பார்க்கவில்லை. ஒரு சாண் வயரில் முடிய வேண்டிய வேலைக்கு ஒரு மீற்றர் காசு போனது. நீங்களும் அந்தக் காசைக் கொடுக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மின்சாரம் தெரியாதவர்களும் செய்யலாம்.

வேண்டிய சாமான்கள்: ஒரு மல்ரிமீற்றர் (மலிவானதே போதும்), இரண்டு வயர் கட்டிய 12 வோல்ட் சின்ன பல்ப், நாலைந்து மீற்றர் வயர், எமரித் தாள், நட்டுக் கழற்றும் சாவிகள், ஒரு நேரான குச்சி. குச்சி எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

தொடங்குமுன் இரண்டு விஷயம். பற்றரியின் எந்த முனை சேசியில் (லொறியின் அடிச் சட்டத்தில்) பூட்டியிருக்கிறது என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வாகனங்கள் பலவற்றில் பொசிற்றிவ்தான் எர்த். கீழே நான் "எர்த்" என்று சொல்வது சேசியை. அடுத்தது, தாங்கிக்குக் கிட்ட பொறி பறக்கக் கூடாது. வயரைக் கழற்றுவதும் தொடுப்பதும் ஸ்ராட் திறப்பை நிறுத்திய பிறகுதான். தொடுத்துவிட்டு, முன்னுக்குப் போய்த் திறப்பைத் திருப்பி முள்ளைப் பாருங்கள். பெற்றோல் லொறி என்றால் இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். பீடியைத் தூர வைத்துவிட்டு வாருங்கள்.

படி 1: ஒன்றா, எல்லாமா?

டீசல் முள்ளு மட்டும் பிழையா, வெப்ப முள்ளும் சேர்ந்து பிழையா? எல்லாம் சேர்ந்து செத்திருந்தால் பியூசையும், திறப்புச் சுவிச்சிலிருந்து டாஷ்போட்டுக்கு வரும் வயரையும் பாருங்கள். எல்லாம் சேர்ந்து கூடுதலாகக் காட்டினால் நேரே படி 6க்குப் போங்கள். ஒன்று மட்டும் பிழை என்றால் வரிசையாக வாருங்கள்.

படி 2: உங்கள் முள்ளு எந்தச் சாதி?

இதைத் தெரியாமல் தொடங்கினால் முடிவுகள் எல்லாம் தலைகீழாக விளங்கும். திறப்பைத் திருப்பியவுடன் முள்ளு துள்ளி எழும்பி, கிரவல் வீதியில் நடுங்குகிறதா? அது உள்ளே இரண்டு காந்தச் சுருள் உள்ள வேக முள்ளு. நித்திரையால் எழும்புகிறவர் மாதிரி அரை நிமிடம் எடுத்து மெல்ல ஏறுகிறதா? அது சூட்டில் வளையும் இரட்டை உலோகத் தகட்டால் அசையும் மெல்ல முள்ளு.

லொறியின் பெயரைப் பார்த்து இதைத் தீர்மானிக்காதீர்கள். பெட்போர்ட் ஜே வகை 1958இல் வந்தது. இன்று எங்கள் பக்கம் ஓடும் பழசுகளில் எத்தனை கை பட்டிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டி, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட வன்னியில், கார் மீற்றர் லொறியில் ஏறியது பெரிய அதிசயம் இல்லை. வயர் நிறமும் அப்படித்தான். பிரிட்டிஷ் முறைப்படி தாங்கியிலிருந்து வருவது பச்சையில் கறுப்புக் கோடு. எங்கள் லொறியில் அது பாதிவழி சிவப்பு, மீதி வீட்டு லைட் வயர். நிறத்தை நம்பாமல் கையால் தடவிக்கொண்டே போங்கள்.

படி 3: தாங்கி வயரைக் கழற்றிப் பார்த்தல்

தாங்கியின் மேல் வட்டத் தகடு ஒன்று இருக்கும். அதன் நடுவில் ஒரு வயர் பூட்டியிருக்கும். உள்ளே மிதவையும், அது ஏறி இறங்க மாறும் தடைச் சுருளும் உள்ளன. இதைத் தாங்கி யூனிட் என்று வைத்துக்கொள்வோம். அந்த வயரைக் கழற்றி எதிலும் முட்டாமல் விட்டு, திறப்பைத் திருப்பிப் பாருங்கள். பிறகு நிறுத்தி, அதே வயரை நீள வயர் ஒன்றால் சேசியின் சுத்தமான இடத்தில் தொடுத்து, மறுபடி பாருங்கள்.

வேக முள்ளு, வயர் கழன்றிருந்தால் நிறைவைத் தாண்டிப் போக வேண்டும், எர்த்தில் தொட்டால் காலிக்கு விழ வேண்டும். மெல்ல முள்ளு இதற்கு நேர்மாறு: கழற்றினால் காலி, எர்த்தில் தொட்டால் நிறைவுக்கு ஏறும். நிறைவைத் தொட்டவுடன் திறப்பை நிறுத்துங்கள், கனநேரம் விட்டால் உள்ளே இருக்கும் சூட்டுச் சுருள் எரியும்.

இரண்டு முறையும் முள்ளு சொன்னபடி கேட்டால் மீற்றரும் வயரும் நல்லம். களவு தாங்கிப் பக்கம். அசையவே இல்லை என்றால் படி 6.

படி 4: எர்த்

இதில் கொஞ்ச நேரம் நிற்போம். நான் கண்ட பழுதுகளில் அதிகம் இங்கேதான்.

தாங்கி யூனிட்டுக்கு ஒரு வயர்தான் போகிறது. மின்சாரம் திரும்பி வரும் வழி தாங்கியின் இரும்பு, தாங்கியைப் பிடிக்கும் பட்டி, சேசி. ஆனால் தாங்கிக்கும் பட்டிக்கும் இடையில் றப்பர். அதன் மேல் மூன்று தலைமுறைப் பெயின்ற். அதற்கு மேல் எங்கள் செம்புழுதி. முல்லைத்தீவில் மீன் ஏற்றும் லொறி என்றால் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் வேறு. நட்டைக் கழற்றினால் பச்சையும் கறளுமாய் வரும். மின்சாரம் எந்த வழியால் திரும்பிப் போவது?

பாதி விட்ட எர்த், கூடுதல் தடை ஒன்றை இடையில் போட்ட மாதிரி. வேக முள்ளில் தடை கூடினால் டீசல் கூடக் காட்டும், மெல்ல முள்ளில் குறையக் காட்டும். என்னுடையது வேக முள்ளு, அதனால்தான் என் வெறும் தாங்கி அரைத் தாங்கியாகத் தெரிந்தது. மெல்ல முள்ளுக்காரருக்கு நிறைந்த தாங்கி அரைவாசியாகத் தெரியும், அவர் நடுக்காட்டில் நிற்கமாட்டார். எங்கள் முள்ளுத்தான் ஆளைக் கவிழ்க்கும்.

சோதிப்பது இப்படி. கழற்றிய வயரைப் பழையபடி பூட்டுங்கள். திறப்பைத் திருப்பி வையுங்கள். மல்ரிமீற்றரை டீசி வோல்டில் வைத்து, ஒரு முனையைத் தாங்கி யூனிட்டின் தகட்டில் சுரண்டிப் பிடித்து, மற்ற முனையை நீள வயரால் பற்றரியின் எர்த் முனையில் தொடுங்கள். 0.2 வோல்டுக்குக் கீழே இருந்தால் எர்த் நல்லம். எனக்கு 3 வோல்டுக்கு மேல் காட்டியது. மல்ரிமீற்றர் இல்லாதவர்கள், திறப்பை நிறுத்தி, தகட்டையும் சேசியையும் ஒரு வயரால் தொடுத்துவிட்டு முள்ளைப் பாருங்கள். இடம் மாறினால் கள்ளன் பிடிபட்டான்.

திருத்துவதும் அவ்வளவுதான். தகட்டின் ஸ்குறூ ஒன்றைக் கழற்றி, அடியை எமரித் தாளால் மினுங்கத் தேய்த்து, வளைய முனை போட்ட வயர் ஒன்றைப் பூட்டுங்கள். மறுமுனை சேசியில், அங்கும் வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்த இடத்தில். மேலே கொஞ்சம் கிறீஸ் பூசுங்கள், அடுத்த மாரிக்குத் தாங்கும்.

படி 5: தாங்கி யூனிட்

எர்த் நல்லம், பொய் மட்டும் தொடர்கிறது என்றால் யூனிட்டைக் கழற்ற வேண்டும். பற்றரியின் எர்த் முனையை முதலில் கழற்றுங்கள். தகட்டைச் சுற்றித் துடைக்காமல் தூக்கினால் புழுதி முழுக்கத் தாங்கிக்குள் போய், பிறகு பில்டருக்குத்தான் அழுவீர்கள்.

யூனிட்டை வெளியே எடுத்து, மல்ரிமீற்றரை ஓமில் (தடை அளக்கும் இடத்தில்) வைத்து, அதன் ஒரு முனையை வயர் பூட்டும் இடத்திலும் மற்றதைத் தகட்டிலும் பிடியுங்கள். மிதவையை மெல்ல உயர்த்துங்கள். வேக முள்ளுக்குரியது வழமையாகக் காலியில் 0க்குக் கிட்டத் தொடங்கி, நிறைவில் 30 அல்லது 90 ஓமுக்குக் கிட்டப் போகும். மெல்ல முள்ளுக்குரியது காலியில் 240 அளவில் தொடங்கி 30 அளவுக்கு இறங்கும். எண்ணைவிட முக்கியம், அது இடையில் அறாமல் ஒழுங்காக மாறுவது. நடுவில் எண் காணாமல் போனால் சுருள் அந்த இடத்தில் தேய்ந்துவிட்டது.

மிதவையைக் காதுக்குக் கிட்டக் குலுக்குங்கள். உள்ளே தளம்பினால் ஓட்டை. பித்தளை மிதவை என்றால் சுடுதண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடத்தில் ஓட்டை தெரியும். உள்ளே இருப்பதை முழுக்க வடித்து, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் ஈயம் ஒட்ட வேண்டும். டீசலோடு சூடாக்கினால் வெடிக்கும்.

படி 6: டாஷ்போட்டுக்குப் பின்னால்

கடைசியில் மீற்றர். திறப்பைத் திருப்பி வைத்து, பல்பின் ஒரு வயரைச் சேசியிலும் மற்றதை மீற்றருக்கு மின்சாரம் வரும் முனையிலும் பிடியுங்கள். எரியாவிட்டால் பியூஸ், சுவிச் என்று பின்னோக்கித் தேடுங்கள். எரிந்தால், படி 3இல் செய்த எர்த் தொடுகையை மீற்றரின் மற்ற முனையில் செய்யுங்கள். இங்கே முள்ளு அசைந்து, தாங்கியில் அசையவில்லை என்றால் இடைவயர் அறுந்திருக்கிறது. வைக்கோல் ஏற்றிய லொறியா? எலி கடித்த இடத்தைத் தேடுங்கள். இங்கும் அசையாவிட்டால்தான் மீற்றர் வாங்கும் கதை.

மெல்ல முள்ளுக்காரருக்கு இன்னொன்று. அந்த மீற்றர்களுக்கு முன்னால் தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்ரபிலைசர் இருக்கும். பற்றரி மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுத்துச் சராசரி 10 வோல்ட் ஆக்குவது அதன் வேலை. அதனால் பல்ப் மின்னி மின்னி எரிவது நல்ல அறிகுறி. நின்று எரிந்து, எல்லா முள்ளும் கூடக் காட்டினால், ஸ்ரபிலைசர் ஒட்டிப்போயிருக்கும் அல்லது அதன் உடம்புக்கு எர்த் இல்லை. பழசு கிடைக்காவிட்டால் றேடியோ திருத்துபவரிடம் 7810 என்ற சின்னத் துண்டைக் கேளுங்கள், 10 வோல்ட் தரும். பொசிற்றிவ் எர்த் வண்டிக்கு 7910.

படி 7: குச்சி

திருத்திய முள்ளை உடனே நம்பாதீர்கள். தாங்கி வெறுமையாக இருக்கும் நாளில், சமதரையில் நிறுத்தி, 20 லீற்றர் கானால் ஊற்றி, ஒவ்வொரு கானுக்கும் முள்ளு நிற்கும் இடத்தைக் குறியுங்கள். அதே நேரம் குச்சியை இறக்கி, நனைந்த இடத்தில் கத்தியால் வெட்டு ஒன்று போடுங்கள். எங்கள் முள்ளு முதல் கானுக்கு அசையவே இல்லை, இரண்டாவதில்தான் எழும்பியது. பெரியப்பாவின் குச்சியில் அந்த வெட்டு ஏற்கனவே இருந்தது.