நின்றுபோன பழைய புல்லட்: இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

குடியாத்தத்தில் பெரியப்பா வீட்டுத் தாழ்வாரத்தில் எட்டு ஆண்டுகளாகச் சாக்குப் போர்த்திக் கிடந்த புல்லட் 350ஐ நான் வேலூருக்குக் கொண்டுவந்தபோது, பார்த்தவர்கள் அனைவரும் இன்ஜினை இறக்கிப் போர் போட்டுவிடச் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து புதுப்பிக்கச்) சொன்னார்கள். நானும் அவர்கள் பேச்சைக் கேட்டு ஹெட்டைக் (சிலிண்டரின் மேல்மூடியை) கழற்றி லேத் பட்டறைக்குக் கொடுத்தேன். கடைசியில் பழுது இருந்தது கிக்கரை எளிதாக இறக்குவதற்காகச் சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரசர் வால்வின் கேபிளில். ஆகவே ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் வெளியிலிருந்தே இன்ஜினைச் சோதிக்கும் வரிசையை இங்கே எழுதுகிறேன். பாயிண்ட்டும் (ஸ்பார்க்குக்காகக் கரண்ட்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் சிறு சுவிட்ச்) பேட்டரியும் கொண்ட, வலது காலால் கியர் மாற்றும் பழைய 346 சி.சி. வார்ப்பிரும்பு இன்ஜினுக்கே இது பொருந்தும்.

முதலில் எண்ணெய். நெடுநாள் நின்ற புல்லட்டில் எண்ணெய் மெல்ல இறங்கி, இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் அறையில் தேங்கிவிடும். அளவுகோலில் எண்ணெய் தெரியாததால் மேலும் ஊற்றிவிடுவோம். ஸ்டார்ட் செய்தவுடன் புகை கக்கும். ரிங் போய்விட்டது என்று முடிவு கட்டுவார்கள். எனவே அடியிலுள்ள போல்ட்டுகளைக் கழற்றிப் பழைய எண்ணெய் முழுவதையும் வடித்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். பிளக்கைக் கழற்றி, துளையில் சிறிது எண்ணெய் விட்டு, சாவி போடாமல் கிக்கரைக் கையால் பலமுறை மெதுவாக அழுத்தி பிஸ்டன் தடையின்றி நகர்கிறதா என்று பாருங்கள்.

டேங்க்கில் மிஞ்சிய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, கார்புரேட்டரின் ஜெட்டுகளை (பெட்ரோல் வரும் நுண்துளைகளை) காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருப்பதால், பழைய ரப்பர் குழாயை மாற்றிவிடுவதே நல்லது.

அடுத்தது கரண்ட். இங்குதான் ஹெட்லைட் கூட்டிலுள்ள ஆம்மீட்டர் (பேட்டரியில் கரண்ட் ஏறுவதையும் இறங்குவதையும் காட்டும் கருவி) உதவும்; பலர் அதை அலங்காரப் பொருளாகவே நினைக்கிறார்கள். சாவியைத் திருப்பிக் கிக்கரை மெதுவாக அழுத்தினால், பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாய வேண்டும், திறந்ததும் நடுவுக்குத் திரும்ப வேண்டும். முள் அசையவே இல்லையென்றால் பேட்டரி, ஃபியூஸ், வயர், அழுக்கேறிய பாயிண்ட் ஆகியவற்றுள் ஒன்றில் குறை. சாய்ந்த முள் திரும்பாவிட்டால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது. பாயிண்ட்டை நைஸ் எமரித் தாளால் தேய்த்து, மிக அதிகமாகத் திறந்துள்ள நிலையில் இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) கொண்டு 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வையுங்கள். காலையில் நன்றாக ஓடி, கத்திரி வெயிலில் சூடேறியதும் நின்றுவிடும் வண்டியில் ஸ்பார்க் மின்சுற்றிலுள்ள கண்டென்சரையும் காயிலையும் சந்தேகியுங்கள். வண்டி நின்ற அந்த நிமிடமே, சூடு ஆறுவதற்குள், பிளக்கை வெளியே வைத்து ஸ்பார்க் பார்த்தால்தான் குறை பிடிபடும்.

பிறகு கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம். பிளக்கை மாட்டி, டீகம்ப்ரசரைத் தொடாமல் கிக்கரின் மேல் ஏறி நின்றால், நல்ல இன்ஜின் உங்கள் எடையைச் சிறிது நேரம் தாங்கி மெதுவாகவே இறங்கும். பொசுக்கென்று இறங்கினாலும் பதற வேண்டாம். டீகம்ப்ரசர் கேபிள் இறுக்கமாக இருந்தால் அந்த வால்வு முழுவதும் மூடாமல் கம்ப்ரஷன் கசியும். லீவரில் சிறிதளவு தளர்வு கட்டாயம் இருக்க வேண்டும். வால்வின் இடைவெளியைச் சரிசெய்யும் டேப்பட் இறுக்கமாக இருந்தாலும் இதே கோளாறுதான். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, கம்ப்ரஷன் முடிவில் பிஸ்டன் உச்சியில் நிற்கையில், புஷ்ராடு (வால்வை இயக்கும் தண்டு) விரலால் எளிதாகச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. இவ்விரண்டையும் சரிசெய்த பின்னும் கம்ப்ரஷன் இல்லையென்றால், பிளக் துளையில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் நின்று பாருங்கள். கம்ப்ரஷன் கூடினால் ரிங், போர் தேய்ந்திருக்கிறது. கூடாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். ஹெட்டைக் கழற்ற வேண்டியது இதற்குப் பிறகுதான்.

ஸ்டார்ட் செய்ய, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை அழுத்தி, டீகம்ப்ரசரைப் பிடித்தபடி இன்னும் சற்று இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே நீண்ட உதையாக உதையுங்கள். ஓடத் தொடங்கியதும் ஹெட்டில் வால்வுகளை அழுத்தும் ராக்கருக்குச் செல்லும் எண்ணெய்க் குழாயின் போல்ட்டைச் சற்றே தளர்த்தி, எண்ணெய் கசிகிறதா என்று உறுதிசெய்யுங்கள். கசியாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். துளையில் விட்ட எண்ணெயால் தொடக்கத்தில் நீலப் புகை வருவது இயல்பு.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அவசரம் வேண்டாம். முதல் ஓட்டத்திற்கு அணைக்கட்டு வழியாக ஒடுகத்தூர் வரை போனால் போதும். சீரான வேகத்தில் சென்று, இன்ஜினை அணைத்துப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பிப் பொடி நிறம் இருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். வெளுத்திருந்தால் ஜெட்டை மாற்றும் முன் கார்புரேட்டரை ஹெட்டுடன் இணைக்கும் போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள், ஏனெனில் காற்று பெரும்பாலும் அந்த வழியாகத்தான் நுழையும். மறுநாள் காலை, இன்ஜின் முழுவதும் ஆறியிருக்கும்போது டேப்பட்டை இன்னொரு முறை சோதித்துவிடுங்கள்.