பி.இ. முடித்து வெளிநாட்டில் ஜியாலஜி: நீலகிரி, கொடைக்கானல் மாணவர்களுக்கான வழிகாட்டி

பொறியியல் படித்தவர் வெளிநாட்டில் நிலவியல் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது இடறுவது இரண்டு இடங்களில். டிரான்ஸ்கிரிப்டில் (கல்லூரி தரும் மதிப்பெண் பதிவேட்டில்) நிலவியல் தாள்கள் போதாது, களப்பணி அறவே இருக்காது. முதல் குறையை ஓராண்டில் ஓரளவு ஈடுகட்டலாம். இரண்டாவதை நிரப்பக் குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பிள்ளைகள் எங்கும் போக வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் சாலைக்காக மலையை வெட்டிய சரிவே போதும்.

பட்டத்தின் பெயரைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். சிவில், மைனிங் படித்தவர்களுக்கு என்ஜினியரிங் ஜியாலஜி, ஜியோடெக்னிக்ஸ், ஜியாலஜிக்கல் என்ஜினியரிங் ஆகியவை பொருந்தும். இ.சி.இ., கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவர்களுக்கு ஜியோபிசிக்ஸ் இன்னும் நல்ல வழி. நில அதிர்வுத் தரவை அலசுவது அவர்கள் படித்த சிக்னல் பிராசஸிங்தான். வெறும் 'ஜியாலஜி' என்ற எம்.எஸ்சி.க்குப் போனால் கனிமவியல், பாறையியல், கட்டமைப்பு நிலவியல், படிவடுக்கியல் எல்லாம் இளநிலையிலேயே படித்தீர்களா என்று கேட்பார்கள். இல்லையென்றால் மறுப்பு, அல்லது கூடுதல் தாள்களை எழுதி முடிக்கும் நிபந்தனையோடு இடம். அதில் ஒரு செமஸ்டர் செலவு ஏறிவிடும்.

கனடாவில் வேலை செய்யும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். அங்கே நிலவியலாளராகப் பதிவு பெற 'பி.ஜியோ' உரிமம் வேண்டும். அதற்கு இளநிலையில் இருந்து எடுத்த தாள்கள் எல்லாவற்றையும் சரிபார்ப்பார்கள். ஆய்வேடு மட்டுமே உள்ள முதுநிலைப் பட்டம் அந்த இடைவெளியை நிரப்பாது. எந்த மாகாணமோ, அதன் தாள் பட்டியலை விண்ணப்பிக்கும் முன்பே எடுத்து ஒப்பிடுங்கள்.

ஐரோப்பாவில் கணக்கு ஈ.சி.டி.எஸ். என்ற பொதுக் கிரெடிட் புள்ளிகளில் நடக்கும். ஓராண்டுப் படிப்புக்கு 60 புள்ளி, நான்காண்டுக்கு 240. உங்கள் பி.இ. மொத்தம் 160 கிரெடிட் என்றால் ஒரு கிரெடிட் சுமார் 1.5 புள்ளி. சிவிலில் பெரும்பாலும் இருக்கும் ஒரே நிலவியல் தாள் 3 கிரெடிட், அதாவது 4.5 புள்ளிதான். மண் இயக்கவியல், அடித்தளப் பொறியியல், ரிமோட் சென்சிங், நீரியல் தாள்களின் சிலபஸைக் கல்லூரி முத்திரையோடு இணைத்தால் அவற்றில் சிலவற்றையும் கணக்கில் சேர்க்க வாய்ப்புண்டு. என்.பி.டி.இ.எல். இணையவழி நிலவியல் பாடங்களைத் தேர்வு எழுதிச் சான்றிதழோடு முடியுங்கள். வீடியோ பார்த்ததற்கு மதிப்பில்லை.

ஜெர்மனியில் சி.ஜி.பி.ஏ.வை மாற்றும் சூத்திரம் இது: உச்ச மதிப்பில் இருந்து உங்கள் மதிப்பைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3 ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். சி.ஜி.பி.ஏ. 8, தேர்ச்சி மதிப்பு 5 என்றால் விடை 2.2. தேர்ச்சி 6 என்று எடுத்துக்கொண்டால் 2.5. எண் குறையக் குறைய நல்லது. ஆகவே உங்கள் ரெகுலேஷனில் குறைந்தபட்சத் தேர்ச்சி எவ்வளவு என்று தேர்வுத்துறையிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள். 2022 நவம்பரில் இருந்து இந்திய மாணவர்கள் ஜெர்மன் விசாவுக்கு ஏ.பி.எஸ். சான்றும் (கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) பெற வேண்டும். வங்கியில் முடக்கிக் காட்டவேண்டிய தொகை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 11,904 யூரோ ஆனது. விண்ணப்பிக்கும் மாதத்தில் மறுபடி சரிபாருங்கள்.

இனி களப்பணி. ஜி.எஸ்.ஐ.யின் (இந்திய நிலவியல் ஆய்வகம்) பூகோஷ் இணையதளத்தில் 1:50,000 நிலவியல் வரைபடம் இலவசமாகக் கிடைக்கும். பழைய டோப்போ ஷீட் (நிலப்பரப்பு வரைபடம்) எண்கள்: ஊட்டி 58 ஏ/11, குன்னூர் 58 ஏ/15, கொடைக்கானல் 58 எஃப்/8. கையில் வேண்டியவை: 10 மடங்கு லென்ஸ், கிளைனோமீட்டர் காம்பஸ் (திசையோடு சாய்வுக் கோணமும் அளப்பது), சுத்தியல், 30 மீட்டர் டேப், கோடு போடாத நோட்டு. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். எஸ்டேட் சாலை என்றால் மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

50 முதல் 100 மீட்டர் நீளமுள்ள ஒரே ஒரு சாலைச் சரிவு போதும். ஊரெல்லாம் சுற்றி எடுத்த நூறு போட்டோவைவிட அது மதிப்புள்ளது. டேப்பை நீட்டி, அதைத் தொடும் ஒவ்வொரு விரிசலுக்கும் ஸ்டிரைக் (விரிசல் ஓடும் திசை), டிப் (அது சாயும் கோணம்), இடைவெளி, திறப்பு, உள்ளே களிமண் உண்டா, நீர் கசிகிறதா என்று எழுதுங்கள். 50 அளவுகளாவது வேண்டும். பிறகு ஸ்டீரியோநெட்டில் (திசையையும் சாய்வையும் ஒரே வட்டப் படத்தில் காட்டும் வலை) புள்ளியிட்டு, எந்த விரிசல் தொகுதி சாலையை நோக்கிச் சாய்கிறது என்று பாருங்கள். பாறை வழுகினால் அந்த விரிசல் தளத்தில்தான் பெரும்பாலும் வழுகும்.

தவறுகள் நடக்கும் இடங்கள் தெரிந்தவைதான். சாலையோர இரும்புத் தடுப்புக்கோ பைக்குக்கோ அருகில் நின்றால் காம்பஸ் முள் திரும்பிவிடும். செம்மண்ணுக்குள் உருண்டு கிடக்கும் கல்லை அடிப்பாறை என்று நினைத்து அளப்பவர்கள் ஏராளம். பக்கத்துக் கல்லிலும் அதே விரிசல் அதே திசையில் தொடர்கிறதா என்று பார்த்தால் குட்டு வெளிப்படும். '60/045' என்று மட்டும் எழுதினால் எது சாய்வு, எது திசை என்று ஒரு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது. இங்குள்ள நீலம் கலந்த கரும்பச்சைப் பாறையைக் கிரானைட் என்று எழுதிவிடாதீர்கள். உடைத்த முகம் எண்ணெய்ப் பிசுக்காக மினுங்கினால் பெரும்பாலும் அது சார்னோகைட். நீலகிரியில் அது உருமாறி சுமார் 250 கோடி ஆண்டுகள். பழனி மலைப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் மறுபடி கடுமையாகச் சூடேறியவை. அடிவாரத்துக் கெங்குவார்பட்டியில் 900 டிகிரிக்கு மேல் வெந்ததற்குச் சாட்சியான சஃபிரின் கனிமம் இருக்கிறது. உலகெங்கும் பாறையியலாளர்கள் அறிந்த இடம் அது.

விண்ணப்பத்தோடு தரும் நோக்க அறிக்கையில் 'சிறுவயது முதல் மலைகள் மேல் காதல்' என்று தொடங்க வேண்டாம். 1993 நவம்பரில் குன்னூர்-மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலத்தில் மலை சரிந்ததே, அதுபோன்ற ஒரு சரிவை எடுங்கள். உளுத்த பாறையும் மண்ணும் எவ்வளவு கனம், மழைநீர் எங்கே தேங்கி அழுத்தம் ஏறும், சாலைக்காக அடியை வெட்டியது என்ன செய்தது என்று உங்கள் அளவுகளோடு எழுதுங்கள். ஜி.எஸ்.ஐ.யும் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வகமும் பங்கேற்ற லேண்ட்ஸ்லிப் திட்டம் நிலச்சரிவு முன்னறிவிப்புக்குத் தேர்ந்த இரு பகுதிகளில் ஒன்று நீலகிரி, மற்றது டார்ஜிலிங். பிரிட்டனுக்கு விண்ணப்பிப்பவர் இதைச் சொல்லத் தவறக் கூடாது.

மாதக் கணக்கை மழையை வைத்துப் போடுங்கள். மூன்றாம் ஆண்டு ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் அளவெடுப்பு, மே மாதம் பத்துப் பக்க அறிக்கை, ஜூலையில் டிரான்ஸ்கிரிப்ட், செப்டம்பரில் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல், டிசம்பர், ஜனவரியில் அமெரிக்க விண்ணப்பங்கள். விட்டுப்போன அளவுகளைக் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் செப்டம்பருக்குள் எடுத்துவிடலாம். கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் ஜூன் பிறந்தாலே வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்குச் சரிவுகளிலும் சாலை வெட்டுகளுக்குக் கீழே நிற்காதீர்கள்.