ஸ்டெப்னி கவர்: படத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

பொலேரோ, தார், ஜிம்னி போன்ற வண்டிகளின் பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னிக்கு, அதாவது மாற்று டயருக்குக் கவர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது படத்தைத்தான். பாயும் புலியா, பனிமலையா என்று முடிவான பிறகே அளவு நினைவுக்கு வருகிறது. அதையும் “பதினைந்து அங்குலம்” என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுகிறார்கள். அது டயர் மாட்டியிருக்கும் உலோகச் சக்கரமான ரிம்மின் விட்டம். கவர் மூடப்போவது முழு டயரை.

டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்களிலேயே கணக்கு இருக்கிறது. பொலேரோவின் 215/75 ஆர்15 டயரில் அகலம் 215 மி.மீ. ரிம்முக்கு வெளியே தெரியும் ரப்பர் சுவரின் உயரம் அதில் 75 விழுக்காடு, ஏறத்தாழ 161 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் 15 அங்குல ரிம் 381 மி.மீ. என்று கூட்டினால் விட்டம் சுமார் 703 மி.மீ., அதாவது 27.7 அங்குலம். ஜிம்னிக்கும் 15 அங்குல ரிம்தான். ஆனால் அதன் 195/80 டயர் விட்டத்தில் 10 மி.மீ., அகலத்தில் 20 மி.மீ. குறைவு. தாரின் 255/65 ஆர்18 டயரோ 31 அங்குலம். டயரை மாற்றியிருந்தால் வண்டியோடு வந்த புத்தகத்தை நம்பாமல், ஒரு நூலைச் சுற்றிச் சுற்றளவை அளந்து 3.14 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

கவர் தொளதொளவென்று இருந்தால் வேகத்தில் படபடத்து, இடையில் சிக்கிய புழுதியால் பின்கதவின் பெயின்டைத் தேய்த்துவிடும். இறுக்கமாக இருந்தால் தையல் பிரியும். மாட்டும்போது கவரின் ரெக்சின் விறைப்பாக இருந்தால் இழுத்துப் போராட வேண்டாம். கால் மணி நேரம் வெயிலில் போட்டால் இளகிவிடும். மேல் விளிம்பை முதலில் மாட்டிப் பிறகு கீழே இழுக்க வேண்டும். எலாஸ்டிக் டயரின் பின்பக்கம்வரை போய் உட்கார வேண்டும். கவரைக் கட்டும் நாடாவின் நுனியைத் தொங்க விடாதீர்கள்.

மழையில் நனைந்த டயரையோ சேறு ஒட்டிய டயரையோ அப்படியே மூடுவதும் தவறு. ஈரம் உள்ளேயே நின்று இரும்பு ரிம்மைத் துருப்பிடிக்க வைக்கும். கவரின் அடியில் நீர் வடியும் துளை இருக்கிறதா என்று பாருங்கள், அது கீழ்நோக்கி வரும்படி மாட்டுங்கள். பளபளப்புக்காகப் பெட்ரோலியம் கலந்த பாலிஷைத் தடவி மூடவே கூடாது, ரப்பருக்கு அது ஆகாது.

ஜீப் ராங்ளரின் புதிய தலைமுறையில் பின்புறக் கேமரா ஸ்டெப்னியின் நடுவிலேயே இருக்கிறது. அதற்குத் துளையிட்ட கவர்தான் வாங்க வேண்டும். எந்த வண்டியானாலும் பிரேக் விளக்கும் நம்பர் பிளேட்டும் மறையக் கூடாது.

கவர் மாட்டியபின் டயரையே மறந்துவிடுவதுதான் இவற்றில் மோசமானது. ஓடும் டயர் வளைந்து நெளியும்போது அதற்குள் கலந்திருக்கும் பாதுகாப்பு மெழுகு மேலே வந்துகொண்டிருக்கும். தொங்கும் ஸ்டெப்னிக்கு அந்த வாய்ப்பு இல்லை. வெயிலைக் கவர் தடுக்கலாம், வயதைத் தடுக்காது. டயரில் 2321 என்று பொறித்திருந்தால் 2021 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். மாதம் ஒருமுறை கவரைக் கழற்றிக் காற்று பாருங்கள். திருட்டுப் பயம் இருந்தால் தனிச் சாவியால் மட்டுமே கழலும் பூட்டு நட்டு வாங்குங்கள். ரெக்சினைக் கிழிக்க ஒரு பிளேடு போதும்.