பஞ்ச் என்றால் குத்து அல்ல

மொழிபெயர்ப்புப் பழகிய நாட்களில், ‘ஆஸ் ப்ளீஸ்டு ஆஸ் பஞ்ச்’ (சொல்லுக்குச் சொல், ‘பஞ்ச் போல மகிழ்ந்து’) என்ற ஆங்கிலத் தொடரை ‘எதிரியைக் குத்தி வீழ்த்தியவன் போல மகிழ்ந்தான்’ என்று தமிழாக்கி வைத்தேன். மெய்ப்புப் பார்த்தவர் ஒன்றும் எழுதவில்லை. ஓரத்தில் பெரிய கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

பஞ்ச் என்றதும் நமக்குக் குத்துதான் நினைவுக்கு வரும், அல்லது திரையில் கதாநாயகன் விரல் நீட்டிப் பேசும் வசனம். சிலர் மதுவும் பழச்சாறும் கலந்த பானத்தைச் சொல்வார்கள். அந்தப் பானத்தின் பெயர் ஐந்தைக் குறிக்கும் நம் நாட்டுப் ‘பஞ்ச’விலிருந்து போனது என்பார்கள். சுவையான செய்திதான், ஆனால் இந்தத் தொடருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இந்தப் பஞ்ச் ஒரு பொம்மை. இத்தாலிய நாடக மேடையின் புல்சினெல்லா என்ற கோமாளி இங்கிலாந்துக்குப் போய்ப் பஞ்ச் ஆனான். லண்டன் கோவன்ட் கார்டனில் இத்தாலியப் பொம்மலாட்டம் ஒன்றைப் பார்த்ததாக 1662 மே 9 அன்று லண்டன்வாசியான சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்; பஞ்சின் பிறந்தநாளாக அந்தத் தேதியையே அங்கே கொள்கிறார்கள். கொக்கி மூக்கு, முதுகில் கூன், கையில் தடி. குழந்தையைத் தூக்கி எறிவான், மனைவி ஜூடியை அடிப்பான், பிடிக்க வந்த காவலரையும் விடமாட்டான். தூக்கிலிட வந்தவனின் கழுத்திலேயே கயிற்றை மாட்டிவிடுவான். அடித்து முடித்ததும் ‘இப்படித்தான் செய்ய வேண்டும்!’ என்று கீச்சுக்குரலில் கும்மாளமிடுவான். அந்தக் குரலுக்காக ஆட்டுவிப்பவர் வாய்க்குள் ஒரு சிறு ஊதலை அடக்கிக்கொள்வார்.

ஆகவே இந்தத் தொடர் சொல்வது தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொள்பவனின் குதூகலம். இன்றைய பேச்சில் கொடூரம் எதுவும் தொனிப்பதில்லை. ஆனாலும் உயர் அதிகாரிக்கு எழுதும் நன்றிக் கடிதத்தில் இது வேண்டாம். எழுதியவர் தோளைத் தட்டிக்கொள்வது போல இருக்கும்.

பஞ்ச் ஆள்பெயர் என்பதால் ஆங்கிலத்தில் முதலெழுத்தைப் பெரிதாகவே எழுத வேண்டும். 1841இல் தொடங்கிய ‘பஞ்ச்’ என்ற நகைச்சுவை இதழிலிருந்து இந்தத் தொடர் பிறந்தது என்பதும் தவறு. இதழ்தான் பொம்மையிடம் பெயரை வாங்கிக்கொண்டது.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘உச்சி குளிர்ந்தது’ என்றால் பிறர் புகழ்ந்திருக்க வேண்டும். ‘தலைகால் புரியவில்லை’ என்பதில் நிதானம் போய்விடுகிறது. பஞ்ச் நிதானமாகத்தான் அடிக்கிறான். கடைசியில் ‘வாயெல்லாம் பல்லாக நின்றான்’ என்று திருத்திக் கொடுத்தேன். இம்முறை ஓரத்தில் கேள்விக்குறி இல்லை.