காணாமப்போன கோட்டைய மண்ணுல தேடுறது எப்படி

பழைய குடியேற்றத்த தேடணும்னா உடனே கடப்பாரைய தூக்காதீங்க, முதல்ல அங்க வாழ்ந்தவங்க எழுதி வச்சத படிங்க. அமெரிக்காவோட வர்ஜீனியால ஜேம்ஸ்டவுன் தீவுல, இங்கிலாந்துலேர்ந்து குடியேறுனவங்க 1607ல கட்டுன கோட்டை ஆத்தோட போயிடுச்சுன்னுதான் ரொம்ப காலம் நம்புனாங்க, ஆனா தொல்லியல் ஆய்வாளர் வில்லியம் கெல்சோ, கோட்டைக்கு நடுவுல சர்ச் இருந்துச்சுங்கிற பழைய குறிப்ப பிடிச்சுக்கிட்டு, இன்னும் நிக்கிற சர்ச் கோபுரத்துக்குப் பக்கத்துல 1994ல தோண்ட ஆரம்பிச்சாரு.

மேல்மண்ண மெதுவா சீவி சல்லடைல சலிங்க, ஓட்டுச்சில்ல கூட விடாதீங்க. அதவிட முக்கியம் மண்ணோட கலர். மரக்கம்பம் மக்குன எடத்துல வட்டமா கருப்பா கறை தெரியும், அது வரிசையா வந்தா வேலி இருந்த தடம், அப்படித்தான் ஜேம்ஸ்டவுனோட முக்கோணக் கோட்டையே வெளிய வந்துச்சு, எனக்கு இது தங்கம் கெடைச்சதவிட பெருசு. கறைய வெட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து, அளந்து, வரைஞ்சிடுங்க.