பள்ளிக்கூடத்தில் தஞ்சமடைந்த சனத்தின் மானம் காக்க

சண்டை மூண்டால் இலங்கையின் திருகோணமலையில் சனம் முதலில் ஓடிச் சேருவது பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும்தான். நேற்றுவரை வீடும் வயலும் தோணியும் வைத்திருந்தவர்கள் இவர்கள். உள்நாட்டுப் போரிலும் மனித மாண்பைக் குலைக்கக்கூடாது என்று போர்க்கால நடத்தைக்கான 1949 ஜெனீவா உடன்படிக்கைகள் நான்கிலும் பொதுவாக உள்ள 3ஆம் உறுப்புரை ஆயுதம் ஏந்தியவர்களைக் கட்டுப்படுத்துகிறது. அந்த மாண்பைக் காப்பதில் முகாம் நடத்தும் ஊரவர்களுக்கும் பங்குண்டு.

ஒரு கிழமைதானே என்று எதையும் ஒப்பேற்றாதீர்கள். 2006இல் போரால் மூதூர்ப் பக்கத்துச் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்களின் காணிகளை அரசு 2015, 2016 ஆண்டுகளில்தான் விடுவித்தது.

ஆளுக்கு 3.5 சதுர மீற்றர் இடம் வேண்டும். 20க்கு 25 அடி வகுப்பறையில் 13 பேர்தான் படுக்கலாம். குடும்பத்துக்குக் குடும்பம் சேலையாலோ தறப்பாளாலோ முதல் இரவே மறைப்புக் கட்டுங்கள்.

அதிகம் தவறு நடப்பது மலசலகூடத்தில். தொடக்கத்தில் 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று. ஆண்களுக்கு ஒன்றென்றால் பெண்களுக்கு மூன்று. 400 பேர் இருந்தால் பெண்களுக்கு 15, ஆண்களுக்கு 5. இரண்டையும் தள்ளித்தள்ளிக் கட்டி, உள்பக்கம் கொழுக்கி போட்டு, வழிநெடுக விளக்கு வையுங்கள். கொழுக்கியும் வெளிச்சமும் இல்லாத இடத்தில் பெண்கள் இரவில் போகப் பயந்து பின்னேரத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். சில நாளில் சலக்கடுப்பு வரும். மாதவிடாய்த் துணி கழுவ மறைவான இடமும், காயவிடக் கொடியும், மூடியுள்ள வாளியும் அங்கேயே இருக்கட்டும். மலக்குழி கிணற்றிலிருந்து 30 மீற்றர் தள்ளி, அடிப்பகுதி நிலத்தடி நீருக்கு 1.5 மீற்றர் மேலே இருக்க வேண்டும். மூதூர், கிண்ணியா மணல் நிலத்தில் மாரி மழைக்கு நீர்மட்டம் ஏறிவிடும். அங்கே குழியை ஆழமாக்காமல், மேடு கட்டி அதன்மேல் மலசலகூடத்தை வையுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு 15 லீற்றர், 250 பேருக்கு ஒரு குழாய். அரை மணிக்கு மேல் வரிசை நீண்டால் குழாயைக் கூட்டுங்கள். முதியவர், கர்ப்பிணி, ஊனமுற்றவர் பங்கை அவர்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்திருக்கும் முகாமில் ஹலால் இறைச்சிக்கும் சைவச் சாப்பாட்டுக்கும் சட்டி, அகப்பை தனித்தனியே இருக்க வேண்டும். சமையலை வந்திருப்பவர்களிடமே விடுங்கள். அவர்களுக்கு வேலையும் ஆகும், உப்புப் புளியும் சரியாக இருக்கும்.

பதிவேட்டைச் சுவரில் ஒட்டாதீர்கள். ஆணில்லாத குடும்பம் எது, இளவட்டம் எத்தனை பேர் என்பது தவறான கண்ணில் பட்டால் ஆளையே இழக்க நேரும். கிராம சேவகருக்கு வேண்டிய விபரத்தை மட்டும் நேரில் கொடுங்கள். நிவாரணம் வாங்கும் கையைப் படமெடுக்க விடாதீர்கள். கேட்டுச் சம்மதித்தவரை மட்டும் எடுக்கலாம், சம்மதிக்காதவருக்கும் அதே பொதி கிடைக்க வேண்டும்.

பள்ளி திறக்கும் நாள் நெருங்கியதும் சனத்தை வெளியேறச் சொல்லி நெருக்குவாரம் வரும். ஐ.நா.வின் 1998ஆம் ஆண்டு உள்நாட்டு இடப்பெயர்வு வழிகாட்டிக் கோட்பாடுகளின்படி, திரும்பிப்போவது அவரவர் விருப்பம். ஆண்களும் பெண்களுமாகச் சிலரை முன்னதாகவே அனுப்பி, கிணறு, வீடு, கண்ணிவெடி அகற்றிய நிலம் மூன்றையும் பார்த்துவரச் செய்த பிறகே தேதி குறியுங்கள்.