நூற்றுக்கு அதிபதிக்குள்ள ஒளிஞ்சிருக்கிற லத்தீனை கண்டுபிடிக்கிறது எப்படி

குன்னூர்ல எங்க பைபிள் ஸ்டடியில போன வாரம் ஒரு தம்பி கேட்டான், அண்ணே புதிய ஏற்பாடு கிரேக்கத்துல தானே எழுதுனாங்க, அதுல லத்தீன் எப்படி வந்துச்சுன்னு. கிரேக்க எழுத்து கூட்டிப் படிக்கத் தெரிஞ்சா போதும், நீங்களே பார்த்துடலாம்.

மொதல்ல மாற்கு 15:39 எடுங்க, சிலுவைக்கு எதிரே நின்ன ரோமப் படை அதிகாரி. பக்கத்துலயே மத்தேயு 27:54, லூக்கா 23:47. தமிழ்ல மூணுலயும் நூற்றுக்கு அதிபதிதான், அதனால தமிழை மட்டும் வச்சுப் பார்த்தா ஒண்ணும் பிடிபடாது. இப்ப கிரேக்கத்தைத் திறங்க. மத்தேயுவும் லூக்காவும் ஹெகடோன்னு தொடங்குற வார்த்தையைப் போட்டிருப்பாங்க, ஹெகடோன்னா கிரேக்கத்துல நூறு. மாற்கு மட்டும் கென்டுரியோன். இதுல கிரேக்க நூறே இல்ல, லத்தீன்ல நூறுன்னு அர்த்தம் வர்ற கென்டும் தான் இருக்கு! (பேர்லதான் நூறு, நடைமுறையில அவர் கீழ சுமார் 80 பேர்தான்.)

அடுத்து வால் பகுதியைப் பாருங்க. மாற்கு 15:45ல கென்டுரியோனோஸ்னு வரும். லத்தீன்ல கென்டுரியோ, வேற்றுமை ஏறினா கென்டுரியோனிஸ், அந்த 'ன்' அப்படியே கிரேக்கத்துக்கும் வந்துடுச்சு.

ஏன் மொழிபெயர்க்காம விட்டாங்கன்னா, எனக்கு வெலிங்டன்தான் ஞாபகம் வருது. மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர்ல எங்கப்பா ஹவில்தார், அது பாரசீகத்துல இருந்து வந்த வார்த்தை, ஆனா எங்க லைன்ல காய்கறி விக்கிற அக்கா வரைக்கும் ஹவில்தாரண்ணேன்னு தான் கூப்பிடுவாங்க, யாரும் தமிழாக்கம் தேடினதில்ல. பட்டாளம் எங்க தங்குதோ அங்க அதோட பதவிப் பேரும் ஒட்டிக்கும். மாற்குக்கு ரொம்ப முன்னாடி, கி.மு. 2ஆம் நூற்றாண்டுலயே பாலிபியஸ்ங்கிற கிரேக்க வரலாற்றாசிரியர் ரோமப் படையை விவரிக்கும்போது இதே வார்த்தையை எழுதியிருக்கார்.

ஸ்பெல்லிங் தடுமாறுதான்னும் கவனிங்க. மாற்கு 5:9ல வர்ற லேகியோனை (ரோமப் படைப் பிரிவோட லத்தீன் பேரு) கையெழுத்துப் பிரதிகள்ல ஒரு இடத்துல லெகியோன், இன்னொரு இடத்துல லெகெயோன்னு எழுதியிருக்காங்க, வெளியிலிருந்து வந்த வார்த்தைக்கு இப்படி ஆகுறது சகஜம்.

ஆனா பட்டாள வார்த்தை எல்லாமே லத்தீன்னு முடிவு பண்ணிடாதீங்க. அப்போஸ்தலர் 21:31ல வர்ற கிலியார்கோஸ் (ஆயிரம் பேர் தலைவன்னு அர்த்தம்) ரோம அதிகாரிதான், வார்த்தை சுத்த கிரேக்கம். மாற்கு லத்தீன் பக்கம், மத்தேயு கிரேக்கம் பக்கம்னும் பிரிக்க முடியாது, மத்தேயு 27:65ல கல்லறைக் காவலுக்கு அவரே கூஸ்டோடியான்னு லத்தீன் கஸ்டோடியாவை எடுத்துப் போட்டிருக்கார், அதை இந்த வாரம் நீங்களே திறந்து பாருங்க.